மீன் தொட்டி என்று சொன்ன வாரம்

எதைக் கையில் கொடுத்தாலும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, லேசாகச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பாள் கண்ணாடிக்கார அக்கா. கடையில் லென்ஸை அப்படிப் பார்ப்பது தொழில். வீட்டிலோ முட்டை, தண்ணீர்த் தம்ளர், புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் டப்பா எல்லாவற்றுக்கும் அதே மரியாதைதான். தம்பி, தான் காதலித்த பெண்ணை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்து வந்த நாளில், அவள் நீட்டிய இனிப்புப் பெட்டியையும் ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை.

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறைதான் அவள் இடம். இயந்திரம் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே லென்ஸின் விளிம்பை அரைக்கும். அரைத்ததை எடுத்துத் துடைத்து, கீறல் பார்த்து, சட்டத்தில் அழுத்திப் பொருத்தி முன்னறைக்கு அனுப்புவாள். அங்கே விற்பனைக்காரர் ஒரு நீல டார்ச்சை வைத்துக்கொண்டு வித்தை காட்டிக்கொண்டிருப்பார். சாதாரண லென்ஸுக்குள் நீல ஒளி பாயும்; விலை கூடிய லென்ஸில் அது நின்றுவிடும். "உங்க போன் வெளிச்சமும் இப்படித்தான் நிக்கும், கண்ணு கெடாது" என்பார். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

ஒருநாள் அக்காவால் பொறுக்க முடியவில்லை. ஆள் போனதும் முன்னறைக்கு வந்து கேட்டாள்.

"டார்ச்சையும் நாமளே குடுக்கிறோம், லென்ஸையும் நாமளே குடுக்கிறோம். நடுவுல அவங்க கண்ணு எங்க வருது?"

"அக்கா, தயவுசெஞ்சு பின்னாடியே இரு. நீ முன்னாடி வந்தா கடையை இழுத்து மூடிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

பதில் கிடைக்காத அந்தக் கேள்வியை அவள் போனில் தேடினாள். தேடியபோது கண்ணில் பட்டதுதான் 'திருகாணி' என்ற அரட்டைக் குழு. முகம் தெரியாத மனிதர்கள் வேலை முடிந்த களைப்பில் வந்து உட்கார்ந்து, புதிதாக வந்த போன், வரப்போகிற கார், செத்துப்போன பேட்டரி என்று வாயாடும் இடம். ஒருவர் பெயர் 'அரைவாட்'. இன்னொருவர் பெயர் 'டீ ஆறுது'. ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டால் போன் வெடிக்குமா, மைக்ரோவேவில் சூடாக்கினால் சாப்பாட்டின் சத்து போய்விடுமா என்று மாதக்கணக்கில் சண்டை போடுவார்கள். டீ ஆறுது எதையும் நம்புவார். அரைவாட் எதையும் நம்பமாட்டார். அக்கா ஒரு வார்த்தைகூட எழுதாமல் இருவரையும் சந்தேகப்பட்டுக்கொண்டே படிப்பாள். பேருந்தில் படிப்பாள், சமையலறையில் படிப்பாள். கூட்டத்தில் பேச வராதவளுக்கு அது ஒரு சுகம். யாரும் திரும்பிப் பார்த்து, "நீ என்னம்மா சொல்றே?" என்று கேட்பதில்லை.

அந்தக் குழுவில்தான் முதன்முதலில் அந்த விளம்பரம் வந்தது. இரண்டு செய்திகளுக்கு நடுவே ஒரு வெள்ளைச் சுவர் படம். 'தம்பதியருக்கு ஏற்ற சிறிய வீடு, ஒரு படுக்கையறை, உடனே குடியேறலாம்.' அவள் தள்ளிவிட்டாள். மறுநாள் வேறொரு வீடு, பால்கனியோடு. அதற்கடுத்த நாள் மூன்றாம் மாடி, லிஃப்ட் வசதியோடு.

பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போன பிறகு, தம்பிக்குப் பல் விழுந்து முளைத்ததிலிருந்து அவன் லிஃப்ட் மெக்கானிக்காக வேலைக்குச் சேர்ந்தது வரை எல்லாம் இந்த வாடகை வீட்டில்தான் நடந்தது. கல்யாணமாகியும் அவன் இங்கேதான் இருக்கிறான். அவன் மனைவி பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். மூன்று பேரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். இந்த வீட்டில் யாருக்கு எதற்குச் சிறிய வீடு?

யாரும் வீடு பற்றிப் பேசவே இல்லை என்பதுதான் அவளை உறுத்தியது. அப்படியானால், தம்பி பிரிந்து போய்விடுவானோ என்ற அவளுடைய பழைய பயத்தைப் போன் எப்படியோ ஒட்டுக்கேட்டிருக்கிறது. தூக்கத்தில் உளறினோமோ என்றுகூட யோசித்தாள். கடைசியில் ஒரு மதிய உணவு இடைவேளையில் குழுவில் தன் முதல் வரியை எழுதினாள்.

'நம் போன் நாம் பேசுவதைக் கேட்கிறதா? எனக்கு வீட்டு விளம்பரமாக வருகிறது. நான் யாரிடமும் வீடு பற்றிப் பேசவில்லை.'

குழு பற்றிக்கொண்டது. ஒருவருக்குச் செருப்பைப் பற்றிப் பேசியவுடன் செருப்பு விளம்பரம் வந்ததாம். இன்னொருவருக்கு நினைத்தவுடனேயே வந்ததாம். டீ ஆறுது ஒரு சோதனை சொன்னார். 'உங்கள் வீட்டில் யாருமே பேசாத ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். தட்டச்சு செய்யக் கூடாது. போனுக்குப் பக்கத்தில் நின்று தினமும் வாயால் சொல்லுங்கள். விளம்பரம் வந்தால் கையும் களவுமாக மாட்டியது போன்.'

அக்கா மீன் தொட்டியைத் தேர்ந்தெடுத்தாள். வாழ்நாளில் அவள் மீன் வளர்க்க நினைத்ததில்லை. மறுநாள் காலையிலிருந்து, அடுப்படியில் போனை நிமிர்த்தி வைத்து, அதன் முகத்துக்கு நேராகக் குனிந்து சொல்லத் தொடங்கினாள்.

"மீன் தொட்டி. நல்ல மீன் தொட்டி வேணும். மீன் தொட்டி எங்க கிடைக்கும்?"

குளியலறையிலிருந்து தலை துவட்டிக்கொண்டே வந்த தம்பி மனைவி ஒருநாள் வாசலில் நின்றுவிட்டாள்.

"யாருகூடக்கா பேசிட்டிருக்கீங்க?"

"யாருமில்ல. நீ கிளம்பு, நேரமாச்சு."

அந்த வாரம் முடிவதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. நீல விளக்கெரியும் கண்ணாடித் தொட்டி, உள்ளே ஆரஞ்சு நிற மீன்கள். அக்காவுக்கு உடம்பு சிலிர்த்தது. பயமும் இருந்தது, அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதியும் இருந்தது. குற்றவாளி போன்தான். வீடும் அதன் வேலைதான். தம்பி எங்கும் போகவில்லை. படத்தைக் குழுவில் போட்டு, 'கேட்கிறது' என்று ஒற்றைச் சொல் எழுதினாள். டீ ஆறுது பட்டாசு படம் போட்டார். ஆளாளுக்கு வாழ்த்து.

அரைவாட் மட்டும் கேட்டார். 'நீங்கள் சொன்னதை வீட்டில் வேறு யாராவது கேட்டார்களா? ஒரே இணைய இணைப்பில் இருப்பவர்கள் எதையாவது தேடினால், அதன் வாடை உங்கள் போனுக்கும் அடிக்கலாம்.'

'இல்லை' என்று எழுதிவிட்டு அக்கா போனைக் கவிழ்த்தாள். வேண்டாத விருந்தாளி காலை எடுத்து உள்ளே வைத்தமாதிரி இருந்தது அவர் கேள்வி.

இரண்டு நாள் அவள் அதை நினைக்காமல் தப்பித்தாள். மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே தம்பி மனைவி சாதாரணமாகக் கேட்டாள்.

"அக்கா, தொட்டி வட்டமா இருந்தா புடிக்குமா, சதுரமா இருந்தா புடிக்குமா?"

"எந்தத் தொட்டி?"

"மீன் தொட்டி. காலையில காலையில அதையே சொல்லிட்டிருக்கீங்கள்ல? ஆசையா இருக்கும்போலன்னு நானும் ஒரு வாரமா பாத்துட்டிருக்கேன். சின்னது நல்லா வராதாம். மீன் செத்துடுமாம்."

அக்காவின் கையிலிருந்த தம்ளர் மேசைமேல் சத்தமாக உட்கார்ந்தது. மீன் தொட்டி வந்தது இவள் தேடியதால். அப்படியானால் அந்த வெள்ளைச் சுவர், பால்கனி, மூன்றாம் மாடி?

"எப்போ போறீங்க?" என்றாள்.

தம்பி நிமிர்ந்தான். "எங்க?"

"ஒரு படுக்கையறை. பால்கனி இருக்கு. மூணாவது மாடி, லிஃப்ட் இருக்கு. கெட்டுப்போனா நீயே சரி பண்ணிக்கலாம்."

தம்பி தன் மனைவியைப் பார்த்தான். அவள் தட்டைப் பார்த்தாள்.

"சொல்லலாம்னுதான் இருந்தோம்க்கா."

"எப்போ? சாமான் ஏத்துற வண்டி வாசல்ல வந்து நின்னப்புறமா?"

"அவளுக்கு வேலைக்குப் போற இடம் ரொம்ப தூரமா இருக்கு..."

"பொய் சொல்லாதடா. இந்த ரெண்டு வருஷமா அவ போயிட்டு வந்த தூரம்தானே அது? நேத்து ராத்திரி யாராவது ரோட்டை இழுத்து நீட்டிட்டாங்களா?"

பதில் சொன்னது தம்பி மனைவிதான். குரல் உயரவில்லை.

"தூரம் இல்லக்கா. நான் சொல்றேன், கோச்சுக்காதீங்க. நான் கொண்டு வர்ற காய்கறிப் பையைப் பாக்குறீங்க. நான் தோய்ச்ச சட்டையைத் தூக்கி ஜன்னல்கிட்ட பாக்குறீங்க. போன்ல யாருகிட்ட பேசினாலும் வாசல்ல உங்க நிழல் விழுது. தப்பு கண்டுபுடிச்சு நீங்க ஒண்ணும் சொன்னதில்ல. ஆனா பாக்குறீங்க. எனக்கு இந்த வீட்ல மூச்சு விடுறதே பரீட்சை எழுதுறமாதிரி இருக்கு."

"அப்படியெல்லாம் நினைச்சு நான் பாக்கல."

"தெரியும்க்கா. அதான் இத்தன நாளா சொல்லல."

"நீயும் அப்படித்தான் நினைக்கிறியாடா?"

தம்பி குழந்தைபோல ரொட்டித் துண்டை உருட்டிக்கொண்டிருந்தான். "எனக்குப் பழகிடுச்சுக்கா" என்றான். அதைக் கேட்டபோதுதான் அவளுக்கு உண்மையிலேயே வலித்தது. மறுப்பு சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பாள். இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

அவள் எழுந்து தட்டைக் கழுவினாள். அழவில்லை. கழுவிய தட்டைத் தூக்கிப் பார்க்கப் போன கையைப் பாதியில் நிறுத்தி, அப்படியே கவிழ்த்து வைத்தாள். பின்னால் இரண்டு பேரும் தன்னைப் பார்ப்பது முதுகில் தெரிந்தது.

"மீன் தொட்டி வேண்டாம்" என்றாள் திரும்பாமல். "எனக்கு மீன் புடிக்காது. போனைச் சோதிக்கத்தான் சொன்னேன்."

"போனையா?" என்றாள் தம்பி மனைவி. பிறகு விஷயம் புரிந்து, அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பியும் சிரித்தான். அக்காவுக்குக் கோபம் வந்தது; கோபத்தோடு வாய்க்கோணமும் லேசாக அசைந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு எதையும் மாற்றவில்லை. அடுத்த மாதம் அவர்கள் சாமானைக் கட்டினார்கள். அக்காவும் கூட நின்று கட்டிக்கொடுத்தாள். தம்ளர்களைத் துணியில் சுற்றும்போது ஒவ்வொன்றையும் உள்ளே பார்க்காமல் சுற்றுவது அவளுக்குப் பெரிய வேலையாக இருந்தது.

குழுவில் அவள், 'போன் கேட்கவில்லை. என் தம்பி மனைவிதான் கேட்டாள்' என்று எழுதினாள். டீ ஆறுது நம்பவில்லை. உங்கள் தம்பி மனைவியின் போன் கேட்டிருக்கும் என்றார். அரைவாட் ஒன்றும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருக்கிறாரே, இவருக்கு என்ன தெரியும் என்று அக்கா அவரையும் கொஞ்ச நாள் சந்தேகப்பட்டாள்.

இப்போது தம்பி குடும்பம் பேருந்தில் சிறிது தூரம் போனால் வருகிற தெருவில் குடியிருக்கிறது. விடுமுறையில் இருவரும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். வரச்சொல்லி இரண்டு முறை கூப்பிட்டார்கள். அக்கா அந்த வீட்டுக்கு இன்னும் போகவில்லை. அங்கே எதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் இருப்போமா என்று அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம்.