மட்டக்குளிக்குத் தொட்டி கொண்டுபோன சனிக்கிழமை

காலை எட்டு மணிக்கு வெள்ளவத்தையிலிருந்து புறப்பட்டோம். வாடகை வானின் பின்பக்கம் ஐந்நூறு லீற்றர் தண்ணீர்த் தொட்டியும் ஒரு வடிகட்டியும். முன்னால் நானும் றிசானாவும். இருவருக்கும் ஒரே வங்கியில் வேலை. சனிக்கிழமைகளில் இப்படி ஏதாவது தொண்டு. மட்டக்குளி பன்னிரண்டு கிலோமீற்றர்தான். ஆனால் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கொள்ளுப்பிட்டியில் ஒரு சோதனை, கொட்டாஞ்சேனையில் இன்னொன்று. தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்த சிப்பாய் "ஹரி, யன்ன" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தபடி போகவிட்டார்.

ஒன்பதே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். களனி ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குக் கிட்ட, நெருக்கமான வரிசை வீடுகளுக்கு நடுவே ஒரு மண்டபம். அங்கே ஒரு கன்னியாஸ்திரி பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு நடத்தினார். கிணற்றுத் தண்ணீர் உப்பு. பொதுக் குழாயில் வருவதும் கலங்கல்.

"வயித்தோட்டம் வராத பிள்ளை இஞ்ச இல்லை" என்றார் சிஸ்டர்.

பதினொரு மணிக்குப் பொதுக் குழாயோடு வடிகட்டியையும் தொட்டியையும் பொருத்தி முடிந்தது. பிள்ளைகள் முண்டியடித்துக் குடித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதன் பிறகு என் பேச்சு. மற்றப் பிள்ளைகளைப் பட்டம் சொல்லி நோகடிக்கக் கூடாது, நோகடிக்கப்பட்டவர்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும். ஒரு வாரமாக ஆயத்தம் செய்திருந்தேன்.

"உங்களில ஆரையாவது பட்டம் சொல்லிக் கூப்பிடினமா? பயப்பிடாமச் சொல்லுங்கோ."

திரும்பவும் கேட்டேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். பெயர் ஜெனிற்றா, மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து ஆறு மாதம்.

"என்னை இவையள் 'கொட்டியா' எண்டு கூப்பிடுறவை மிஸ். என்ர அண்ணாவையும் ஆமி பிடிக்கும் எண்டு சொல்லுறவை."

கொட்டியா என்றால் சிங்களத்தில் புலி, இயக்கத்தைச் சேர்ந்த ஆள். மண்டபத்தின் எதிர்ப்பக்கம் பொலிஸ் காவலரண். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. சிஸ்டர் விறுவிறென்று போய் ஒவ்வொன்றாகச் சாத்தினார். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"சரி சரி, காணும். இரும்மா, இரு."

போதும் என்று நான் சொன்னதும் அவள் வாங்கில் இருந்துவிட்டாள். முன் வரிசைப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். நான் நகம் வெட்டுவது, கை கழுவுவது பற்றிப் பேசி முடித்தேன்.

புறப்படும்போது அவள் தொட்டியடியில் தனியாக நின்றாள். "மன்னிச்சுக்கொள்ளம்மா" என்றேன்.

"பரவாயில்லை மிஸ்" என்றாள். "நீங்கள் கேட்டபடியாத்தான் சொன்னனான்."

வானில் திரும்பிக்கொண்டிருந்தோம். புறக்கோட்டை தாண்டியபோது றிசானா மெதுவாகக் கேட்டாள்: "ஏன் அவள இருக்கச் சொன்னீங்க?"

"எதிர்ல பொலிஸ்..."

"தெரியும். நானும் வாய மூடிட்டுத்தானே இருந்தேன்."

'கொட்டியா' என்ற அந்தச் சொல்லைக் கேட்டால் பெரியவர்களும் நடுங்குவார்கள் என்று அந்தப் பையன்களுக்கு அதுவரை தெரிந்திருக்காது. அதைக் கற்றுக்கொடுக்க வெள்ளவத்தையிலிருந்து நான் வான் பிடித்துப் போயிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை தனியாகப் பஸ்ஸில் போனேன். பேச்சு எதுவும் ஆயத்தம் செய்யவில்லை. அந்தப் பையன்களுடன் இருந்து கதைக்க வேண்டும், ஜெனிற்றாவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் மனதில் இருந்தது. கடைசி வாங்கு வெறுமையாக இருந்தது. "தாய் மறிச்சுப்போட்டா" என்றார் சிஸ்டர்.

மதியத்தில் அந்தத் தாய் ஒரு பிளாஸ்டிக் கானோடு தண்ணீருக்கு வந்தார். மெலிந்த பெண், சிஸ்டர்தான் காட்டினார். போய் என் பெயரைச் சொன்னேன். பிள்ளையைத் திரும்ப அனுப்புங்கள், இனி அப்படி நடக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கான் நிரம்பும்வரை அவர் தலை நிமிரவில்லை. பிறகு குழாயைப் பூட்டிவிட்டு, ஒரு கோபமும் இல்லாமல் சொன்னார்:

"தண்ணி நல்லாயிருக்கு மிஸ். எங்களுக்கு அது காணும்."