சந்தனம் வைத்த கம்ப்யூட்டர்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு அருகே என் மகன் கம்ப்யூட்டர் டைப்பிங் கடை வைத்திருந்தான். கள்ளப் பத்திரம் அடித்ததாக அவன்மேல் வழக்கு. கோர்ட்டு சொல்லி அவன் கம்ப்யூட்டரைச் சோதித்த நிபுணர் சாட்சி சொல்ல வந்தார்.

"பத்திரம் ஆயுத பூசையன்னைக்கு அடிச்சதாத் தேதி காட்டுது. ஆனா அன்னைக்கு மிஷினைப் போடவே இல்லை. யாரோ தேதியை மாத்திப் பிறகு உள்ள ஏத்தியிருக்காங்க."

"போடலைன்னு மிஷினே வந்து சொல்லுச்சா?" என்றார் எதிர் வக்கீல்.

"ஆமா சார். போட்டது, நிறுத்துனது எல்லாம் அதுவே பதிஞ்சு வச்சுக்கும்."

அந்தப் பூசையன்று அவசரமாக ஒரு கல்யாணப் பத்திரிகை வேலை வந்தது. "ஏலே, சந்தனம் வச்சாச்சு, நாளைக்குத்தான் தொடணும்" என்று நான் மறித்துவிட்டேன். மகனுக்கு அம்புட்டுக் கோபம். இப்போது கூண்டிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தான். கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டேன்.

விடுதலையான அன்று, "அந்தக் கல்யாண வீட்டுக்காரங்க இன்னும் நம்மளத் திட்டுறாங்கம்மா" என்று சிரித்தான்.