கூட்டாத வீடு

எருத்தேன்பதியில் நிலக்கடலை விளைவிக்கும் குடும்பத்துப் பெண் கமலாத்தாள். எதைப் பிடித்தாலும் உடும்புப்பிடிதான். எழுபத்துநாலில், எம்.ஏ. ஆங்கிலம் படிக்கையில், அவள் பிடித்துக்கொண்டது ஓர் அமெரிக்க நாவலை.

அந்த நாவலில் ஆலைக்காரர்கள் ஓர் உழவனின் நிலத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். அவனும் மகன்களும் பிழைப்புத் தேடிப் போகிறார்கள். கடைசிப் பக்கத்தில் அவன் மனைவி, கூட்டாத வீட்டில் புழுதிக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருக்கிறாள். மனம் ஒடிந்துவிட்டாள், அநியாயம் ஜெயித்துவிட்டது என்று விமரிசகர்கள் அத்தனை பேரும் ஒரே பாட்டைப் பாடியிருந்தார்கள். கமலாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆள் வெளியே போயிருக்கையில் வீட்டைக் கூட்டினால் போனவர் திரும்பமாட்டார் என்பது அவள் ஊர் வழக்கம். 'இவள் தோற்கவில்லை, நிலத்துக்குத் திரும்பி வருவார்கள் என்று காத்திருக்கிறாள்' என்று ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே எழுதிவிட்டாள்.

அவள் ஆய்வுக்கு வழிகாட்டி, கல்பாத்தியிலிருந்து வரும் பேராசிரியர் சிவராமகிருஷ்ணன். படித்துவிட்டுச் சிரித்துவிட்டார்.

"அமெரிக்காக்காரிக்கு நம்மாத்து சாஸ்திரம் எப்படித் தெரியும் கொழந்தே? அந்த அத்தியாயத்தை எடுத்துடு. இல்லேன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தன் வீட்டு வழக்கத்தை அந்த உழவன் மனைவிமேல் ஏற்றிவிட்டோமே என்று கமலாத்தாளுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் விட மனமில்லை. நாவலை முதலிலிருந்து வரிவரியாகப் படித்தாள்.

மூன்றாம் அத்தியாயத்தில் அகப்பட்டது. வழக்குக்காக உழவன் நகரத்துக்குப் போகிறான். மகள் விளக்குமாற்றை எடுக்கிறாள். தாய் அதைப் பிடுங்கி, "அப்பா மேட்டைத் தாண்டித் திரும்பி வரட்டும்" என்கிறாள். ஒரே வரி. எல்லோரும் தாண்டிப் போன வரி.

துறைக் கருத்தரங்கில், மொத்த வகுப்பின் முன்னால், அந்த வரியைக் கணீரென்று வாசித்தாள். பேராசிரியர் புத்தகத்தை வாங்கித் தானே படித்தார். திரும்பவும் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இத்தனை வருஷமா பாடம் எடுக்கறேன், என் கண்ணுல படலையே! அந்த அத்தியாயத்துல ஒரு எழுத்தையும் தொடாதே."

"தொடமாட்டனுங்க சார்."

அங்கேயே கையெழுத்துப் போட்டார். வகுப்பு கைதட்டியது. பஸ்ஸில் ஊர் வரும்வரை கமலாத்தாளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தால் காலையில் உரித்த கடலைத்தோல் அப்படியே இறைந்து கிடந்தது.

"ஏம்மா, ஊடு இப்பிடிக் கெடக்குது?"

"நீ செயிச்சுட்டு ஊடு வந்து சேரோணுமில்ல கண்ணு?" என்றாள் அம்மா பொன்னாத்தாள். "அதான் கூட்டல."

விளக்கு வைக்க இன்னும் நேரமிருந்தது. கமலாத்தாள் முந்தானையைச் செருகிக்கொண்டு விளக்குமாற்றை எடுத்தாள்.