அணைக்காத எஞ்சின்

எங்க வீட்டுக்காரர் சந்தியாகுவுக்குப் படகு எஞ்சினைப் பத்தித் தெரியாதது ஒண்ணுமே இல்லைன்னு தங்கச்சிமடத்துல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அதுதாங்க என் தலைவிதி. வாலிபத்துல இருந்து விசைப்படகுல டிரைவரா இருந்த மனுசன், கரைக்கு வந்து காரை வாங்குனதும் அதையும் படகுன்னே நெனைச்சுக்கிட்டாரு. காருக்கு ஒரு சீக்கு வந்தா, படகுக்குப் பாக்குற வைத்தியத்தைத்தான் பாப்பாரு. சொன்னாக் கேக்கணும்ல? சொல்றது பொண்டாட்டியாச்சே, எப்படிக் கேப்பாரு!

முதுகு வலின்னு சொல்லித்தான் கடலை விட்டாரு. நான் பூசாத தைலம் இல்ல. ராமநாதபுரத்துல நாங்க ஏறாத ஆஸ்பத்திரி இல்ல. படம் புடிச்சுப் பாத்த டாக்டரம்மா, "முதுகுல ஒண்ணுமே இல்லையேம்மா"ன்னாங்க. அவங்களுக்கு என்ன தெரியும், வலிக்கிறவருக்குத்தான தெரியும்னு நான் அடுத்த தைலம் வாங்குனேன். உள்ளதைச் சொன்னா, எனக்கு அந்த முதுகு வலி மேல ஒரு நன்றியே இருந்துச்சு. கடலுக்குப் போனவர் திரும்பி வர்ற வரைக்கும் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்குறது என்னன்னு கல்யாணம் ஆன நாள்ல இருந்து பாத்தவ நான். மனுசன் கரையில இருந்தாப் போதும், முதுகு எப்படி இருந்தா எனக்கென்ன?

கழுத்துல கெடந்ததை வித்து ஒரு பழைய டீசல் வண்டி வாங்குனோம். ஏழு பேர் உக்காரலாம். ராமேஸ்வரத்துல ஒரு லாட்ஜுக்காரர் யாத்திரை வர்றவங்களை ஏத்தி விடுவாரு. தனுஷ்கோடியைச் சுத்திக் காட்டி, தீர்த்தமாடிட்டு வர்ற வரைக்கும் காத்துக் கெடந்து, மதுரையில கொண்டு போய் விடணும். நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு, யாரு கண்ணு பட்டுச்சோ.

ஒருநா வண்டியில ஸ்டியரிங்குக்குப் பின்னால மஞ்சளா ஒரு லைட்டு எரிஞ்சுச்சு. எஞ்சின் படம் போட்ட லைட்டு. "இது என்னங்க?"ன்னேன். "அது சும்மா எரியும். படகுல லைட்டா இருந்துச்சு? எஞ்சின் ஓடலையா?"ன்னாரு. மறுநாப் பாத்தா லைட்டைக் காணோம். சரியாப் போச்சுன்னு நெனைச்சுக் கிட்டப் போனா, அது மேல அந்தோணியார் ஸ்டிக்கரை ஒட்டி வச்சிருக்காரு! எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். "ஏய்யா, காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுக் குடுக்குற புனிதர்யா அவரு. நீங்க அவரைப் புடிச்சு, கண்ணுக்குத் தெரியிறதை மறைக்கச் சொல்றீங்களே!"ன்னேன். ஸ்டிக்கரோட ஓரத்தை இன்னும் அழுத்தி ஒட்டுறாரு.

அப்புறம் புகை. வண்டியைக் கிளப்புனா வாசல்ல காயப்போட்ட துணி பூராவும் கரி. மேட்டுல ஏறும்போது இழுவை இல்ல. ஒருநா சேலத்துக்காரங்க குடும்பத்தை ஏத்திக்கிட்டுப் போறாரு, பாம்பன் பாலத்து ஏத்தத்துல வண்டி சீக்குக்கோழி மாதிரி முக்குது. பின்னால கருகருன்னு புகை. பாலத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தவங்க எல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டு இவரைப் படம் புடிச்சிருக்காங்க. வண்டியில இருந்த பெரியம்மா, "தம்பி, நாங்க இறங்கித் தள்ளட்டுமா?"ன்னு கேட்டுருக்காங்க. சாயங்காலமே லாட்ஜுக்காரர் போன் பண்ணிட்டாரு, வண்டியைச் சரி பண்ணாம இனிமே வாசப்பக்கம் வராதேன்னு.

அந்த வாரமே ஆன்டனி ராஜ் அண்ணன் வீட்டுக்கு வந்துட்டாரு. எங்க வீட்டுக்காரர் முன்னாடி ஓட்டுன படகுக்கு முதலாளி. "ஏலே, இந்த டப்பாவைக் கட்டிக்கிட்டு ஏன் மாரடிக்கிற? என் படகுக்கு டிரைவர் இல்ல. வந்து ஏறு"ன்னாரு. இந்த மனுசன் என்னைத் திரும்பிப் பாத்தாரா? ம்ஹூம். "பாப்போம்ணே. வண்டி சரியாகலேன்னா வாரேன்"னு சொல்லிட்டாரு.

அன்னைக்கு முடிவு பண்ணேன். இந்தக் காரு ஓடியே ஆகணும். இது நின்னுச்சுன்னா இவரு கடல்ல.

முதல்ல ராமநாதபுரத்துல ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். டீசல் பில்டரை மாத்துனாங்க, இன்ஜெக்டரைக் கழுவுனாங்க, தண்ணியடிச்சுப் பளபளன்னு தொடச்சும் குடுத்தாங்க. பளபளன்னு புகை விட்டுக்கிட்டு வீடு வந்து சேந்துச்சு.

அப்புறம்தான் புதுமடத்துக்காரர் நுஃமான்கிட்ட போனோம். துபாய்ல கார் வேலை பாத்துட்டு வந்து உச்சிப்புளியில கடை போட்டுருக்காரு. வண்டியில கம்ப்யூட்டரை மாட்டிப் பாத்துட்டு, "ஈ.ஜி.ஆர். வால்வு அண்ணே"ன்னாரு. அது என்ன எழவுன்னு கேட்டேன். எஞ்சின் விடுற புகையில கொஞ்சத்தைத் திருப்பி எஞ்சினுக்குள்ளயே அனுப்புற கதவாம். ஊரு காத்து கெடாம இருக்குறதுக்காக வச்சிருக்காங்களாம். தேவைக்குத் திறந்து மூடணும். இது திறந்த வாக்குல மாட்டிக்கிச்சு, நல்ல காத்து வர வேண்டிய எடத்துலயும் புகையே போகுது, அப்புறம் எப்படி இழுக்கும்னாரு. கழட்டிக் காட்டுனாரு. ஆத்தாடி! வருசக்கணக்கா வெறகு எரிச்ச அடுப்புச் சட்டி கெட்டது. கையளவு வால்வுக்குள்ள அப்பு அப்புன்னு கரி.

"அண்ணே, வண்டியை நிப்பாட்டி வச்ச எடத்துல ரொம்ப நேரம் ஓட விடுவீங்களா? சூடு ஏறாம சும்மா ஓடுனாத்தான் இப்படிக் கரி புடிக்கும்"னு நுஃமான் கேட்டாரு.

"சேச்சே, இல்ல தம்பி"ன்னாரு எங்க வீட்டுக்காரர்.

நுஃமான் மருந்தடிச்சு, பிரஷ்ஷு போட்டுச் சொரண்டி, காத்து போற குழாயையும் கழுவி, புது பேக்கிங் வச்சு மாட்டுனாரு. கம்ப்யூட்டரைப் போட்டு லைட்டையும் அணைச்சாரு. வர்ற வழியில பாலத்துல வண்டி பறந்துச்சு. நான் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துனேன். லாட்ஜுக்காரரும் சவாரி குடுத்தாரு.

மெழுகுவத்தி வாங்குன கட்டு தீரக்கூட இல்ல, மறுபடியும் அதே புகை, அதே முக்கல். நுஃமான் வால்வைக் கழட்டிப் பாத்துட்டு, "யா அல்லாஹ்! நான் இதைக் கழுவிக் குடுத்தேனா இல்லையா?"ன்னு தலையில கைய வச்சுட்டாரு. மறுபடியும் கழுவி மாட்டுனாரு. "அக்கா, அண்ணன் என்னமோ பண்றாரு. நீங்க ஒரு நடை கூடப் போயிப் பாருங்க. திரும்பத் திரும்பக் கழுவ இது என்ன காப்பித் தம்ளரா?"ன்னு என்கிட்ட தனியாச் சொன்னாரு. இங்கன ஆன்டனி ராஜ் அண்ணன் வேற, வர்ற சனிக்கிழமை கடலுக்குப் போக மீன்வளத்துறையில டோக்கன் போடுறேன்னு ஆள் மேல ஆள் சொல்லி விடுறாரு.

மறுநா சவாரிக்கு நானும் முன் சீட்டுல ஏறி உக்காந்துட்டேன். இவருக்கு மொகமே சரியில்ல. அக்னி தீர்த்தம் பக்கத்துல வண்டியை நிப்பாட்டுனாரு. வந்தவங்க கடல்ல முங்கிட்டு, கோயிலுக்குள்ள இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, ஈரத்துணி மாத்தி, சாமி பாத்து வரணும். கூட்ட நாள்ல மத்தியானம் ஆயிரும். அவங்க போயிட்டாங்க. இவரு எறங்கிக் கதவைச் சாத்திட்டுப் போயி நெழல்ல நிக்கிறாரு. எஞ்சின் ஓடுது. ஏ.சி. ஓடுது. உள்ள நான் ஒருத்தி.

இப்ப அணைப்பாரு, அப்புறம் அணைப்பாருன்னு பாத்தேன். டீ குடிக்கிறாரு, யாரோ டிரைவர்கிட்ட பேசுறாரு, எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. கண்ணாடியை எறக்கி, "ஏங்க, இதை அணைச்சாத்தான் என்ன?"ன்னு கத்துனேன்.

"கெடக்கட்டும் கிறிஸ்டி."

"என்னத்தைக் கெடக்கட்டும்? இதுதானய்யா வால்வைத் திங்குது! அந்தத் தம்பி படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சே!"

கேக்கல. நானே எட்டிச் சாவியைத் திருப்பி அணைச்சுட்டேன்.

அவரு ஓடி வந்தாருங்க. டீ கிளாஸைப் போட்டுட்டு ஓடி வந்து, கதவைத் திறந்து சாவியைப் புடிச்சாரு. நெத்தியில, கழுத்துல எல்லாம் வேர்வை. சாவியைத் திருப்பவும் முடியல, விடவும் முடியல. நான் பயந்தே போயிட்டேன். "என்னங்க? நெஞ்சு வலிக்குதா?"ன்னேன்.

"அணைச்சுட்டியே. மறுபடி கிளம்பலேன்னா?"

"கிளம்பலேன்னா நாலு பேரைக் கூப்புட்டுத் தள்ளுவோம்! ஆட்டோ புடிச்சு வீட்டுக்குப் போவோம்! ஏய்யா, இது தரைய்யா!"

அவரு அப்படியே சீட்டுல உக்காந்துட்டாரு. அப்புறம்தான் உள்ளதைச் சொன்னாரு. கடைசியாப் போன கடல்ல, புரொப்பெல்லர்ல வலை சுத்திக்கிச்சுன்னு எஞ்சினை அணைச்சிருக்காங்க. நடுக்கடல்ல எஞ்சினை யாரும் லேசுல அணைக்க மாட்டாங்க. கூடப் போன என் கொழுந்தன் வில்பிரட் முங்கி வலையை அறுத்துட்டு ஏறிட்டாரு. எஞ்சின் கிளம்பல. ஆன்டனி ராஜ் அண்ணனும் அந்தத் தடவை படகுலதான் இருந்திருக்காரு. அடுத்த ரெண்டு ராத்திரியும் படகுக்குள்ள தண்ணி ஏற ஏற மூணு பேரும் எறைச்சு ஊத்திக்கிட்டே கெடந்திருக்காங்க. வேற படகுக்காரங்க பாத்துக் கட்டி இழுத்துட்டு வந்திருக்காங்க. எஞ்சின் மக்கர் பண்ணி லேட்டாயிருச்சுன்னுதான் என்கிட்ட சொன்னாங்க. முதுகுல ஒண்ணும் இல்லையாம். ஒருநாளும் வலிச்சதே இல்லையாம்.

"அப்ப எதுக்குய்யா திரும்பவும் போறேன்னு சொன்னீங்க?"ன்னு கேட்டேன்.

"பயம்னு எப்படிச் சொல்றது? நம்ம தெருவுல எந்த ஆம்பள அப்படிச் சொல்லியிருக்கான்?"

எனக்கு அவரை நாலு சாத்து சாத்தணும் போலவும் இருந்துச்சு, மடியில போட்டுக்கணும் போலவும் இருந்துச்சு. ரெண்டும் செய்யல, ரோட்டுல நிக்கிறோமே. "சரி, இப்பக் கிளப்புங்க"ன்னேன். கிளப்புனாரு. கிளம்பிருச்சு. "இப்ப அணைங்க." அணைச்சாரு. மறுபடியும் கிளப்பச் சொன்னேன். அங்கன நின்ன டிரைவருங்க எல்லாம் இதுக ரெண்டுக்கும் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு பாத்தாங்க. பாக்கட்டும். கடைசியில அணைச்சுட்டுச் சாவியை உருவி என் கையில குடுத்துட்டு, என் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. யாத்திரைக்காரங்க வந்ததும் ஒரே திருப்புல கிளம்பி, மதுரை வரைக்கும் ஒரு பொட்டுப் புகை இல்லாமப் போச்சு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆன்டனி ராஜ் அண்ணன் வந்தாரு. வாசல்ல பக்கத்து வீட்டு ஆளுங்க வலை கட்டிக்கிட்டு இருக்காங்க. "ஏலே, டோக்கன் போட்டாச்சு. விடிஞ்சதும் வந்துரு"ன்னாரு.

"வரலண்ணே."

"ஏன்டா, மறுபடியும் முதுகா?"ன்னு அவரு கேக்க, வலை கட்டுனவங்க சிரிச்சாங்க. ஆமாண்ணே, எந்திரிக்கவே முடியல, ராத்திரி பூராவும் முனகல்னு சொல்லலாம்னு நான் வாயைத் திறந்தேன். இவரு கையைக் காட்டி என்னை நிப்பாட்டிட்டாரு.

"முதுகு நல்லாத்தான்ணே இருக்கு. எனக்குப் பயம். அன்னைக்கு எஞ்சின் நின்னதுல இருந்தே பயம். நான் ஓட்டுனா, கூட வர்றவன் உசுருக்கு நான் ஜவாப்பு சொல்ல முடியாது."

சிரிச்சவங்க நிப்பாட்டிட்டாங்க. ஆன்டனி ராஜ் அண்ணன் இவரு பக்கத்துல வந்து தோள்ல கைய வச்சாரு.

"நானும் அன்னைக்குப் பெறகு படகுல ஏறலையே சந்தியாகு. நீ கவனிச்சியா? முதலாளி எதுக்கு ஏறணும்னு எல்லாரும் நெனைச்சுக்கிட்டாங்க. நீ உன் பொண்டாட்டிக்கிட்ட சொல்லிட்ட. நான் இன்னும் வீட்டுல சொல்லலடா."

அவரு கண்ணைத் தொடச்சுக்கிட்டுப் போயிட்டாரு. அன்னைக்கு எனக்குத் திட்டுறதுக்கு ஒரு ஆள் கெடைக்கல. அழுகைதான் வந்துச்சு.