குக்கீயை அழித்தாலும் போகாத அடையாளம்

இன்று சிட்னி நூலகமொன்றில் ஒரு தம்பியைச் சந்தித்தேன். இலங்கையிலிருந்து படகில் வந்தவர், தற்காலிக விசாவில் இருக்கிறார். போரில் காணாமல்போனவர்களைப் பற்றி ஓர் இணையதளத்தில் புனைபெயரில் எழுதுகிறார். எழுதுவது யாரென்று தெரிந்தால், ஊரில் தனியாக இருக்கும் அம்மாவிடம் புலனாய்வுக்காரர் போய் விசாரிப்பார்கள்.

“பயமில்லை அண்ணை. குக்கீ எல்லாம் ஒவ்வொரு நாளும் அழிக்கிறனான்,” என்றார்.

அவருடைய மடிக்கணினியிலேயே உலாவியைத் தனியாக அடையாளம் காண முடியுமா என்று காட்டும் ஒரு சோதனைப் பக்கத்தைத் திறந்தேன். இதுவரை சோதித்தவற்றில் இதைப் போன்ற உலாவி இன்னொன்று இல்லை என்றது அது. காரணத்தையும் காட்டியது: இலங்கை நேரத்தில் ஓடும் கடிகாரம், பாமினி முதல் வரிசையாகத் தமிழ் எழுத்துருக்கள். எந்தத் தளத்துக்குப் போனாலும் இவை கூடவே போகும்.

“முதல்ல நேரத்தை மாத்தும் தம்பி.”

“அம்மா எழும்பியிருப்பாவோ எண்டு அதிலதான் பாக்கிறனான்.” ஆனாலும் மாற்றினார். “எழுத்துருவையும் எடுக்கட்டோ? பிறகு என்னத்தில எழுதுறது, உங்கட இங்கிலிசிலயோ?”

எழுத்துருக்களை அப்படியே விட்டோம். அவர் ஏற்கெனவே எழுதியவை எல்லாம் அந்த அடையாளத்தோடுதான் போயிருக்கின்றன.

அவர் சம்மதித்ததால் இதைப் பதிகிறேன். வழி தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள். பதிலைத் தமிழில் எழுதுவதானால், முதலில் உங்கள் உலாவியையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.