முகம் திருப்பும் விளக்கு

வெள்ளியங்கிரியைத் தமிழ்ச்செல்வன் முதன்முதலில் பார்த்தது கிராஸ்கட் ரோட்டுக்குப் பின்னால், தான் வேலை பார்த்த கேமரா கடையில். முகூர்த்தமே இல்லாத ஆடி மாதம். கடையில் ஈ ஓட்டக்கூட ஈ இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் கண்ணாடிக் கதவைத் தள்ளி, செருப்பை வெளியே விடுவதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கி, போட்டபடியே உள்ளே வந்தார். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். சட்டைப் பையில் வாழைக்கறை.

"ஏனுங் தம்பி, மசமசன்னு இருட்டா இருக்கறப்ப மூஞ்சி தெளிவாத் தெரியற மாதிரி படம் புடிக்கற கேமரா இருக்குதுங்ளா?"

"யாரு மூஞ்சிங்ணா?"

"ஆனை மூஞ்சிங்."

பில் போடும் ரித்திகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வந்தவர் சிரிக்கவில்லை. தமிழ்ச்செல்வனின் சட்டையில் குத்தியிருந்த பெயர் வில்லையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் எல்லோருக்கும் வெறும் பெயர்தான். இவன் மட்டும் சொந்தச் செலவில், பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. என்று சேர்த்து அடித்துப் போட்டிருந்தான்.

"படிச்ச பையன். எந்த ஊருங், யாரூடு?"

இந்தக் கேள்வி எதைத் தேடி வருகிறது என்று அவனுக்குத் தெரியும். "கோபி பக்கங்ணா. அப்பா அம்மா நாத்து நடற வேலை. எங்கூட்டுல மொத டிகிரி நான்."

"அட, அப்பிடிச் சொல்லுங்" என்றார். அதற்கு மேல் தோண்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

அவருடையது ஊத்துப்பதி. மலையை ஒட்டின ஊர். நாலு ஏக்கரில் வாழையும் தென்னையும், கட்டுத்தறியில் கறவை மாடுகள். பங்குனியில் பக்கத்துத் தோட்டத்துக் காவல்காரரை யானை மிதித்துக் கொன்றுவிட்டது. ஒற்றைக்கொம்பன்தான் என்று ஊரே சொன்னது. அது வருசா வருசம் வந்து போகிற யானை, பழி போட வசதி. அதைப் பிடித்துக்கொண்டு போய் வேறு காட்டில் விடச் சொல்லி மனுப் போட்டார்கள். அந்த ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. ஆனால் அன்றைக்கு விடிகாலை வாழைக்குள் நின்றதை வெள்ளியங்கிரி கண்ணால் பார்த்திருந்தார். அதற்குக் கொம்பே இல்லை. கொம்பு முளைக்காத ஆண் யானை. மக்னா என்பார்கள். எட்ட இருந்து பார்த்தால் பெட்டை மாதிரி இருக்கும்.

"ஒத்தக்கொம்பனப் புடிச்சுட்டா ஊரு நிம்மதியாத் தூங்கிருமுங். இப்பக் கூட்டமாப் போறவிங்க அப்பறம் ஒத்தையாப் போவாங்க. எங்கூட்டுக்காரி தெனமும் வெடியாலப் பாலு ஊத்தறதுக்கு அந்த வாய்க்கா மேட்டுத் தடத்துலதான் போகோணும். கொன்னது அங்கயேதான் நிக்கும். அடுத்தது யாருன்னு நெனைக்கறீங்?"

ரித்திகா சிரிப்பை நிறுத்தியிருந்தாள்.

வனத்துறை ரேஞ்சர் நல்ல மனிதர்தானாம். வெறும் வாய்ச்சொல்லை வைத்து முடிவை மாற்ற முடியாது, முகம் நேராகத் தெரிகிற படம் ஒன்று கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்றிருக்கிறார். வெள்ளியங்கிரி தன் செல்போனில் எடுத்த படங்களைக் காட்டினார். எல்லாவற்றிலும் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. யானை என்று சொன்னால் யானை, பாறை என்று சொன்னால் பாறை.

தமிழ்ச்செல்வனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இரண்டை எடுத்து வைத்து ஒப்பிட்டுச் சொல்வது அவனுக்குக் கைவந்த வேலை. ஆரம்ப விலை மிரர்லெஸ் கேமராக்களில் இரண்டைக் கண்ணாடி மேசைமேல் வைத்தான். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. கறுப்பில் கண்ணை வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டர் உண்டு, பிடிமானம் நன்றாக இருக்கும், பேட்டரி நிறைய நேரம் நிற்கும். வெள்ளையில் வியூஃபைண்டர் கிடையாது, பின்னால் மடக்கித் திருப்புகிற திரைதான். ஆனால் எடை குறைவு, புதுசாக வந்த மாடல், குறைந்த வெளிச்சத்தில் படம் புள்ளி புள்ளியாக உடையாது.

"இருட்டுக்குன்னா நான் வெள்ளையத்தாங்ணா சொல்லுவேன்."

அவர் கறுப்பைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தார். மூலை முடுக்கெல்லாம் கட்டைவிரலால் தடவினார். வெள்ளையையும் அப்படியே.

"சுழி பாக்கறீங்ளாங்ணா?" என்றான்.

"பாக்கோணுமுங். சுழி பாக்காத மாட்ட ஓட்டிட்டு வந்துபோட்டு எங்கப்பன் பட்டதே போதும்." பிறகு இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தார். "காங்கேயத்துச் சந்தையில எத்தனை சோடி பாத்தாலுஞ் சரி, நம்ம வண்டியில பூட்டி, நம்ம தடத்துல ஓட்டிப் பாத்துட்டுத்தான் காசக் குடுத்துக் கயித்த மாத்துவோமுங். இதையும் அப்பிடித்தான். ரெண்டையும் குடுங். தோட்டத்துல வெச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."

கடையில் வாடகைக்கும் கேமரா கொடுப்பதுண்டு. ஆனால் தெரியாத ஆளிடம் இரண்டை ஒன்றாகக் கொடுக்க முதலாளிக்கு மனசில்லை. கடைசியில், தமிழ்ச்செல்வன் தன் விடுமுறை நாளில் கூடப் போவது, நீள லென்ஸ் ஒன்றையும் எடுத்துக்கொள்வது என்று முடிவானது.

ஊத்துப்பதிக்குப் போகும் பஸ்ஸில் கடைசி நிறுத்தத்தில் இறங்கியது அவன் ஒருவன்தான். மலை வீட்டுக் கூரைக்கு மேலேயே நின்றது. தடத்தில் பட்டாசுக் காகிதம் சிதறிக் கிடந்தது. எதற்கு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

வெள்ளியங்கிரியின் மனைவி பழனியாத்தாள் டீ கொண்டு வந்தாள். புருசனுக்குக் கொடுத்த அதே மாதிரி எவர்சில்வர் டம்ளர். தமிழ்ச்செல்வன் அதைக் கவனித்தான். கவனிக்காமல் இருக்க அவனால் முடியாது.

"இந்தப் பொட்டியக் காட்டுனா ஆனை ஓடிப்போயிருமாக்கும்?" என்றாள்.

"ஓடாதுங்க்கா. படம்தான் வுழுகும்."

"நல்லா வுழுந்துச்சு போ. எங்கண்ணாலத்துக்கு எடுத்த போட்டோவுல எனக்குத் தலையே இல்ல கண்ணு. அதுக்கு ஒரு நாளும் இந்த மனுசன் மொகம் தெரியலையேன்னு வெசனப்பட்டதில்ல. ஆனைக்கு மொகம் தெரியோணுமாமா!"

"உன்ற மொகந்தான் தெனமும் தெரியுதே" என்றார் வெள்ளியங்கிரி. அவள் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

பொழுது சாயும்போது இருவரும் மோட்டார் ரூம் மேலே ஏறிக்கொண்டார்கள். கான்கிரீட் கூரை, ஆள் உயரத்துக்கு மேலே கொஞ்சம்தான் இருக்கும். முன்னால் வாழை, அதற்கு அப்பால் வாய்க்கால் மேடு, அதற்கு அப்பால் காடு. நீள லென்ஸை முதலில் வெள்ளையில் மாட்டிக் கொடுத்தான் தமிழ்ச்செல்வன். வெள்ளியங்கிரி திரையைத் திருப்பி வாழைக்குலைகளைப் பிடித்துப் பார்த்தார். வெளிச்சம் குறையக் குறையத் திரை பளீரென்று தெரிந்தது. அந்த வெளிச்சம் அவர் முகத்திலும் அடித்தது. பூச்சிகள் வந்து மூக்கில் மொய்த்தன.

"இது நம்ம மூஞ்சியத்தான் ஊருக்குக் காட்டுது" என்றார்.

லென்ஸைக் கழற்றிக் கறுப்பில் மாட்டினான். அவர் வியூஃபைண்டரில் கண் வைத்த சற்று நேரத்தில் தவளைச் சத்தம் நின்றது. ஒவ்வொன்றாக அல்ல, எல்லாம் சேர்ந்தாற்போல்.

வாழைக்குள் இலை கிழிகிற சத்தம். பிறகு மரம் ஒன்று முனகிச் சாய்ந்தது. யானை வந்துவிட்டது என்பதைத் தமிழ்ச்செல்வன் கண்ணால் அறியவில்லை. வாழைகளுக்கு நடுவே இருந்த வானத்தின் வெளிச்சத் துண்டு ஒன்று காணாமல் போனது, அதை வைத்துத்தான் அறிந்தான். பக்கவாட்டில் நின்று குருத்தைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது.

வெள்ளியங்கிரி பொத்தானை அழுத்தினார். கேமராவின் முன்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் சின்ன விளக்கு ஒன்று எரிந்தது. இருட்டில் ஃபோகஸ் கிடைக்காவிட்டால் கறுப்பு தானாக ஏற்றிக்கொள்ளும் விளக்கு அது. பெட்டியில் போட்டிருக்கும் விவரங்களில் அது கடைசி வரி.

மெல்லுகிற சத்தம் நின்றது. காது ஆட்டம் நின்றது. பிறகு, ஒரு கதவு திறக்கிற மாதிரி, அந்தத் தலை மெதுவாக அவர்கள் பக்கம் திரும்பியது.

டார்ச் அடித்து, பட்டாசு வீசி, பல வருசமாக யானைகளை விரட்டிய ஊர் இது. வெளிச்சம் என்றால் ஆள் என்று அதற்குத் தெரியும். ஓடத்தான் செய்யும் என்பது ஊரின் கணக்கு. இது ஓடவில்லை. வாழைகளை விலக்காமல், மிதித்துக்கொண்டே நேராக வந்தது. மோட்டார் ரூமுக்கு அடியில் வந்து நின்றபோது கூரை லேசாக அதிர்ந்தது. சுவரில் தோல் உரசும் சத்தம். துதிக்கையின் நுனி கூரையின் விளிம்பில் ஏறி, ஈரமாக, ஏதோ தேடுகிற குருடனின் கை மாதிரித் தடவியது. தமிழ்ச்செல்வனின் செருப்பு வரைக்கும் வந்து, செருப்பை மோந்து, திரும்பிப் போனது. அவன் கால் செருப்புக்குள்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஊருக்குள் எங்கோ பட்டாசு வெடித்தது. யானை அவசரமே இல்லாமல் திரும்பி வாய்க்காலைத் தாண்டியது.

வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தார்கள். தலை திரும்பியிருந்தது தெரிந்தது. ஆனால் மேலே இருந்து எடுத்ததால், வாய்க்கு நேராக ஒரு வாழை இலை அகலமாக விழுந்து மறைத்திருந்தது. கொம்பு உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது.

தமிழ்ச்செல்வன் தெளிவாகப் பேசினான். "அண்ணா, வெள்ளையே வாங்கிக்கோங்ணா. திரை வெளிச்சத்தக் கொறச்சு வெச்சுத் தர்றேன். கறுப்புத்தான் வேணும்னா, மெனுவுல போயி அந்த லைட்ட அமத்திப்போடலாம். ஒரு நிமிச வேலை."

"அமத்தாதீங்."

"அண்ணா?"

"தம்பி, நான் எத்தனையோ நாளு பாத்திருக்கறேன். தின்னா தின்னுட்டே இருக்கும், பின்னாலயும் பக்கமுந்தாங் காட்டும். மூஞ்சியக் காட்டாது. இன்னைக்குத்தான் காட்டுச்சு. எதுக்குக் காட்டுச்சு?" கறுப்பின் முகப்பில் இருந்த அந்தச் சின்னக் கண்ணாடிப் பொட்டை விரலால் தொட்டார். "இந்த வெளக்குக்குத்தான நான் இதப் புடிக்கறதே. கீழ நின்னு எடுத்தா எலை மறைக்காது."

"கீழ நின்னா அது..."

"தெரியுமுங்."

தமிழ்ச்செல்வன் அன்றைக்குத் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தான். லென்ஸின் தூரம், ஷட்டரின் வேகம், ரிமோட்டில் எடுப்பது, மரத்தில் கட்டி வைக்கிற தானியங்கிக் கேமரா. அதெல்லாம் வர எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டார். ஒற்றைக்கொம்பனைப் பிடிக்கக் கும்கி யானைகள் வெள்ளிக்கிழமை வந்து இறங்குகின்றன என்றும் சொன்னார். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த பழனியாத்தாள், "நான் பாலு ஊத்தாட்டிப் போகுது, மாட்ட வித்துப்போடுங்" என்றாள். "நீ சும்மா இரு ஆத்தா. உனக்கு மாத்தரமா சொல்றேன்?" என்றார் அவர். அந்தத் தடத்தில் விடியக்காலை போகிற பெண்கள் இன்னும் பலர் இருந்தார்கள்.

மறுநாள் கடைக்கு வந்து கறுப்பை வாங்கினார். கடைப் பெயர் போட்ட வாரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மடியில் கொண்டு வந்திருந்த புதுப் பருத்திக் கயிற்றை வளையங்களில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ரித்திகா இந்த முறை சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை முழுக்கத் தமிழ்ச்செல்வன் செல்போனைக் கையிலேயே வைத்திருந்தான். இரண்டு முறை அவரைக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. வெள்ளி காலை, கடை திறக்கும் நேரத்தில், பழனியாத்தாள் கூப்பிட்டாள். அழுது முடித்த குரல்.

"உசுரு இருக்குது கண்ணு. பெரியாஸ்பத்திரியில இருக்கறம். இந்தப் பொட்டியில படம் வுழுந்துச்சா இல்லையான்னு உன்னையப் பாத்துச் சொல்லச் சொல்றாரு. வேற ஒண்ணுமே பேசமாட்டீங்கறாரு."

அவன் போனபோது வெள்ளியங்கிரியின் இடுப்பிலிருந்து கீழே கட்டுப் போட்டிருந்தார்கள். அன்று விடிய வெளுக்க, வாய்க்கால் மேட்டில், மறைப்பே இல்லாத இடத்தில் நின்றிருக்கிறார். யானை வந்த வேகத்தில் அவர் வாய்க்காலுக்குள் உருண்டு விழுந்ததால் மிதி முழுசாக விழவில்லை. பருத்திக் கயிறு அறுந்து கழுத்தில் சிவப்பாகக் கோடு போட்டிருந்தது. கேமராவின் லென்ஸ் விரிசல் விட்டிருந்தது. உள்ளே படம் பதிந்த மெமரி அட்டை நன்றாக இருந்தது.

தமிழ்ச்செல்வன் அதை லேப்டாப்பில் போட்டுத் திறந்தான். முதல் படத்தில் அது பக்கவாட்டில் நின்றது. அடுத்ததில் முகம். நேர் முகம். வாயின் இரண்டு பக்கமும் வெறுமை, கொம்பின் சுவடே கிடையாது. துதிக்கையின் அடிப்பகுதி தடித்து, நெற்றி புடைத்து, ஒரு கண்ணின் ஓரத்தில் ஆரஞ்சுப் புள்ளி ஒன்று எரிந்தது. இமை மயிர்கூட எண்ணலாம் போல அவ்வளவு தெளிவு. அதற்கடுத்த படத்தில் அந்த முகம் பெரிதாகியிருந்தது. அதற்கும் அடுத்ததில் வானமும் இல்லை, வாழையும் இல்லை, சுருக்கம் சுருக்கமாகச் சாம்பல் நிறம் மட்டும்.

"இருக்குதுங்ணா" என்றான். "மக்னாதான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

படத்தைப் பெரிதாக அச்சடித்து அன்றே ரேஞ்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் வெகுநேரம் பார்த்தார். ஒற்றைக்கொம்பனைத் தேடிப் போகவிருந்த கும்கிகளை அன்று அவிழ்க்கவில்லை. சில நாள் கழித்து மக்னாவைத் தேடிக் கிளம்பினார்கள். தடம் மலை ஏறி, பாறைக்காட்டில் போய் அற்றுப்போயிருந்தது. ஊத்துப்பதியில் இப்போது எல்லோரும் கூட்டமாகத்தான் போகிறார்கள். எதற்குப் பயப்பட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிகிறது. சோதனைச்சாவடிச் சுவரில் அந்த முகம் ஒட்டியிருக்கிறது.

வெள்ளியங்கிரி இன்றைக்குச் சூலூர் பக்கம் மாமனார் வீட்டில் இருக்கிறார். ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. மாடுகளை விற்றாயிற்று, தோட்டத்தைக் குத்தகைக்குக் கேட்டு யாரும் வரவில்லை. மக்னா இன்னும் பிடிபடவில்லை.