அக்கா அனுப்பிய லெப்டொப்

பதுளை டவுனில் ஸலீம் நானாவின் கொமியூனிகேஷன் கடையில் போட்டோகொப்பி அடிக்கும் றொனி வேலையில் கெட்டிக்காரன். கடையில் ஆள் ஓய்ந்துவிட்டால் மட்டும் மூலையில் கிடந்த கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓட்டப் போய்விடுவான். தெமோதரைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் நசுங்கி வருகிறவன், ஓட்டிவிட்டுப் போகட்டும். ஆனால் வெளிநாட்டுப் பையன்கள் தாங்கள் விளையாடுவதையே படம் பிடித்து, வெட்டி ஒட்டி, இன்டர்நெட்டில் போடுவதை ஒரு நாள் பார்த்துவிட்டான். அதோடு அவன் மனசு அவனிடம் இல்லை. கடைக் கம்ப்யூட்டரோ விளையாட்டையும் படப்பிடிப்பையும் சேர்த்துச் சுமக்க மாட்டாமல் பாதியில் இறுகி நின்றது.

அவனுடைய அக்கா ரொஷானி நாலு வருஷமாகக் குவைத்தில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். கொழும்புக்குப் போன புருஷன் போனவன்தான். மகள் ஷெரோமியை அப்பா லூக்காஸும் றொனியும்தான் வளர்த்தார்கள். 2009 மே மாதம் ஷெரோமிக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அதற்குள் கொன்ட்ராக்ட் முடிந்து வந்துவிடுவதாக அக்கா சொல்லியிருந்தாள். கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்கப் போவதாகத் தம்பி சொன்னதை நம்பி, வரும்போது ஒரு லெப்டொப்பும் கொண்டுவருவதாகச் சொன்னாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அங்கேயுள்ள லெப்டொப் கடையிலிருந்தே போன் எடுத்தாள்.

“தம்பி, ரெண்டு காட்றான். ஒண்ணு சின்னது, தூக்க லேசா இருக்கு. மத்தது அம்மிக்கல்லு கணக்கா இருக்கு. எத எடுக்க?”

“கிராபிக்ஸ் கார்டு தனியா இருக்கான்னு கேளுக்கா. ரேம் நாலு இருக்கணும். ஹார்ட் டிஸ்க்கும் பெருசா இருக்கணும்.”

அவள் அரபியில் கேட்டுவிட்டு வந்தாள். “அதெல்லாம் பெருசுலதான் இருக்காம். ஆனா வெல எட்டாதுப்பா. படிக்கச் சின்னது போதாதா?”

கோர்ஸில் சொல்லித் தருவது டைப்பிங்கும் கணக்கும். அதற்குச் சின்னது தாராளம். அவனுக்குத் தெரியும்.

“சின்னது இழுக்காதுக்கா. வாங்குனாலும் வீண்தான்.”

“வீட்டு மேடம் இன்னும் ஒரு வருஷம் நிக்கச் சொல்றாங்க. நின்னா பெருச வாங்கித் தர்றாங்களாம். நிக்கவா?”

“ஒன் இஷ்டங்க்கா,” என்றான் றொனி.

‘உன் இஷ்டம்’ என்பதைப் போல வசதியான சொல் வேறில்லை. கத்தியை மற்றவர் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்ளலாம்.

அக்கா நின்றுவிட்டாள். லெப்டொப், குவைத்திலிருந்து ஊர் திரும்பிய றமீலா என்ற பெண்ணின் பெட்டியில் வந்தது. பசறையில் அவள் வீட்டுக்குப் போய் றொனி வாங்கிக்கொண்டான். வழியில் அடிபடாமல் இருக்க அதை ஒரு வெள்ளைச் சட்டையால் சுற்றியிருந்தாள் அக்கா. ஷெரோமி புதுநன்மைக்குப் போட அவள் வாங்கிய சட்டை அது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டவன், சட்டை கசங்காமல் மடிப்பை நீவிக்கொண்டே வந்தான்.

கோர்ஸுக்கு இரண்டு கிழமை போனான். பிறகு போகவில்லை. லயத்தின் பின்னறையில் காரை ஓட்டிப் படம் பிடித்தான், வெட்டப் பழகினான். மெஷின் சும்மா சொல்லக் கூடாது, குதிரைதான். வெளியே லூக்காஸ், “சத்தம் போடாதீங்க, மகன் படிக்கிறான்,” என்று பக்கத்துப் பிள்ளைகளை விரட்டுவார். அந்தக் குரல் கேட்கும் போதெல்லாம் றொனியின் கார் எங்காவது போய் மோதும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

புதுநன்மையன்று ஸலீம் நானாவின் கெமராவை வாங்கிவந்து அவனே படம் பிடித்தான். அக்காவுக்கு இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று நினைத்தான். பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு ஷெரோமி தாத்தா முன்னால் முழந்தாளிட்டு ஆசீர்வாதம் வாங்கினாள். பிறகு அவளைக் கோயில் படியில் நிற்க வைத்தான்.

“அம்மாவுக்குச் சொல்லு. மாமா படிக்கக் கம்ப்யூட்டர் அனுப்புனதுக்கு ரொம்ப நன்றிம்மான்னு சொல்லு.”

ஷெரோமி கெமராவைப் பார்த்தாள். “அம்மா, நான் நன்மை எடுத்துட்டேன். சட்டை அளவா இருக்கு.” பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, “மாமா படிக்கிறதில்லம்மா. கார்தான் ஓட்டுறாங்க,” என்றாள்.

“ஏய், அப்புடிச் சொல்லலாமா?”

“நேத்துத்தானே சாமியார்கிட்ட பாவமெல்லாம் சொல்லி பாவசங்கீர்த்தனம் செஞ்சேன், மாமா. பொய் சொன்னா திரும்பப் போகணுமே.”

எட்டு வயதுப் பிள்ளையோடு இதில் வாதாட முடியுமா? அன்று பின்னேரமே ‘சட்டை அளவா இருக்கு’ என்றதற்கு அடுத்து அவள் மூச்சு வாங்கும் இடத்தில் வெட்டினான். இவ்வளவு காலம் பழகிய வேலை, வெட்டு சுத்தமாக விழுந்தது. சீடியை, குவைத்துக்குப் போகும் அட்டாம்பிட்டியப் பெண் ஒருத்தியின் கையில் கொடுத்தனுப்பினான்.

ஒரு மாதம் கழித்து அக்கா போன் எடுத்தாள். குரல் கரகரத்திருந்தது.

“நல்லா எடுத்திருக்க தம்பி. பெரிய மெஷின் கேட்டது இதுக்குத்தானா? நான்தான் வெளங்காம, சின்னது போதாதான்னு கேட்டேன்.”



“ஒண்ணு கேக்கணும்,” என்றாள் அக்கா. “இங்க துணி அயன் பண்ணும்போதெல்லாம் அதத்தான் போட்டுப் பாக்குறேன். கடைசியில பிள்ள மூச்சு வாங்கிட்டு வாயத் தொறக்குறா. அதோட படம் போயிடுது. என்ன சொல்ல வந்தா?”

உண்மையைச் சொல்ல அவனுக்கு அதைவிட நல்ல வாசல் திறக்கப்போவதில்லை. “சீக்கிரம் வாங்கம்மான்னு சொன்னாக்கா,” என்றான்.



“அதையாடா வெட்டுன?”

“சீடியில இடம் பத்தலக்கா.”

“அந்தத் துண்ட மட்டும் அனுப்பி வைப்பா. அவ வாயால ஒருக்கா கேக்கணும்.”

“சரிக்கா,” என்றான்.

மறுநாள் கெமராவைத் திரும்பவும் வாங்கிவந்தான். ஷெரோமிக்கு அதே வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டு, அதே கோயில் படியில் நிற்க வைத்தான்.

“சீக்கிரம் வாங்கம்மான்னு சொல்லு.” சொல்லிக்கொண்டே கெமராவைத் தட்டி ஓடவிட்டான். சிவப்பு விளக்கு எரிந்தது.

ஷெரோமி கெமராவைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள்.

“சொன்னா வந்துருவாங்களா, மாமா?”

அக்கா அடுத்த வருஷம்தான் வருவாள் என்று அவனுக்குத் தெரியும். யாரால் என்றும் தெரியும். படம் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் நிறுத்தவில்லை. இந்த முறை, தான் சொல்லிக் கொடுத்ததையும் அவள் கேட்டதையும் வெட்டாமல் அப்படியே அனுப்பினான்.